வெட்டிய மரமும் தண்ணீர் குடிக்கும்: மலை வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பவர்களுக்கு

அடியில் அறுத்து எடுத்த பிறகும் ஊசியிலை மரம் தண்ணீர் குடிக்கும். வெட்டு முகம் தண்ணீரில் மூழ்கியே இருந்தால், குளிர்ந்த மலை வீட்டில் இரண்டு மூன்று வாரம்கூடக் குடித்துக்கொண்டிருக்கும். அது குடிக்கிற வரைக்கும் கூடத்தில் நிற்பது பச்சை மரம், சட்டென்று தீப்பற்றாது. குடிப்பதை நிறுத்திவிட்டால் சில நாளில் அது விறகுதான். அதுவும் பிசின் ஏறிய விறகு. ஒவ்வொரு இலைக்கும் நடுவே காற்று புகுந்து வருகிற மாதிரி இயற்கையே அடுக்கி வைத்த விறகு. நன்றாகக் காய்ந்த ஊசியிலை மரத்தில் தீப்பொறி பட்டால் ஒரு நிமிடத்துக்குள் அறை முழுவதும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் பாதுகாப்பைப் பற்றிய இந்தக் கட்டுரையில் தண்ணீர்ப் பேச்சு இவ்வளவு வருகிறது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் முதல்முறை மரம் வைப்பவர்கள், “இங்கேதான் எப்போதும் ஈரமாயிற்றே, மரம் எங்கே காயப்போகிறது” என்று இருந்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு டிசம்பரில் இங்கே இறங்குவது காய்ந்த குளிர். இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில், உதடு வெடிக்கிற காற்று. அதே காற்றுதான் மரத்தின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. மாலையில் மூடுபனி ஜன்னலைத் தொட்டுக்கொண்டு நின்றாலும், மரத்துக்குத் தேவையான தண்ணீர் அடித்தண்டு வழியாகத்தான் ஏற வேண்டும்.

எந்த மரம், எங்கிருந்து

இந்த மலைகளில் கிறிஸ்துமஸ் மரமாக நிற்பவை பெரும்பாலும் வெளியூர் மரங்களே. சைப்ரஸில் எலுமிச்சை வாசம் அடிக்கும் வகை கலிபோர்னியாக் கடற்கரையைச் சேர்ந்தது. நீண்ட ஊசிகள் தொங்கும் பட்டூலா பைன் மெக்சிகோவிலிருந்து வந்தது. நர்சரியில் தொட்டியோடு ‘கிறிஸ்துமஸ் செடி’ என்று விற்கிற ஆரக்கேரியா பசிபிக் தீவுகளைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கூம்பு மரம் நேஜியா வாலிச்சியானா ஒன்றுதான். அதற்கு ஊசியிலைகூடக் கிடையாது, அகன்ற இலை. மழைக்காட்டுக்குள் நிற்கும் அந்த மரத்தை யாரும் எந்தக் காரணத்துக்கும் தொடவே கூடாது.

வெட்டி வைப்பதற்கு எங்கள் தேர்வு சைப்ரஸ். கிளைகள் விறைப்பாக நிற்கும், பொம்மைகளைத் தாங்கும், சரியாகத் தண்ணீர் வைத்தால் இலை கொட்டாது. ஒரு ஏமாற்று மட்டும் அதில் உண்டு: காய்ந்த பிறகும் வெகுநாள் பச்சையாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்தால் தவறிப்போவீர்கள். பட்டூலா பைன் பார்க்க அழகு. ஆனால் ஊசிகள் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குவதால் பொம்மைகள் வழுக்கும், வெட்டிய இடமெல்லாம் பிசின் வழியும். கையில் ஒட்டிய பிசின் சோப்புக்குப் போகாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் வந்துவிடும். சமவெளியில் வழக்கமாக வைக்கிற சவுக்குக் கிளையைச் சிலர் மேலே கொண்டுவருகிறார்கள். அது சீக்கிரம் உதிரும். விளக்கு கட்டுவதற்கு ஏற்றதில்லை.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதில் கண்டிப்பாக இருங்கள். காப்புக்காட்டில் ஒரு கிளை ஒடிப்பதும் குற்றம். கொடைக்கானல் பைன் காடும் உதகை சாலையோரப் பைன் தோப்புகளும் யாரும் கேட்பாரற்றவை போலத் தோன்றினாலும் அப்படியல்ல. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரம் என்றாலும், தமிழ்நாடு மலைப்பகுதி (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955 பொருந்தும் பகுதிகளில் அனுமதி பெறாமல் வெட்ட முடியாது. தெருமுனையில் யாராவது முழு மரத்தை விலைக்கு நீட்டினால், எங்கே வெட்டியது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வாங்காதீர்கள்.

ஒரு மரத்தையும் சாய்க்காத வழி இருக்கிறது. பழைய பங்களாக்களிலும் பள்ளி வளாகங்களிலும் சைப்ரஸை வேலியாக வளர்த்து ஆண்டுக்கொருமுறை கத்தரிப்பார்கள். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கத்தரித்த கிளைகள் கிடைக்கும். ஐந்து முதல் ஏழு கிளைகளைச் சேர்த்துக் கட்டினால் ஐந்தடி மரம் தயார். நேரான நீளக் கிளை ஒன்று நடுவில். அதைச் சுற்றி மூன்றரை அடியில் மூன்று. அதற்கு வெளியே இரண்டரை அடியில் மீதி. அடியிலிருந்து எட்டு இஞ்ச் வரைக்கும் இலைகளை உருவிவிடுங்கள். தண்ணீருக்குள் கிடக்கும் இலை அழுகி நாற்றம் எடுக்கும். பட்டையை மட்டும் சீவிவிடாதீர்கள். தண்ணீர் ஏறுவதில் பெரும்பங்கு பட்டையை ஒட்டிய வெளிமரத்தில்தான். பத்து இஞ்ச் உயரத்தில் ஒரு கட்டு, ஒன்றரை அடியில் ஒரு கட்டு, இரண்டும் சணல் கயிற்றில். கட்டுக்கம்பி போட்டு முறுக்கினால் பட்டை நசுங்கும்.

வாங்கும்போது புதிதா பழையதா என்று பார்க்க மூன்று சோதனை போதும். அடியைத் தரையில் ஓங்கி ஒருமுறை தட்டுங்கள். உள்பக்கத்துப் பழுப்பு இலை கொஞ்சம் விழுவது சகஜம், வெளிப்பக்கத்துப் பச்சை இலை விழுந்தால் வேண்டாம். ஒரு சின்னக் கொத்தை வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்ப வேண்டும், படக்கென்று ஒடியக் கூடாது. சைப்ரஸ் இலையை உள்ளங்கையில் கசக்குங்கள்; ஈரமும் வாசமும் கையில் ஒட்ட வேண்டும். தூளாக உதிர்ந்தால் அது வெட்டிப் பல நாளான கிளை.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது காரின் மேலே வெறுமனே கட்டினால், மலைப்பாதைக் காற்றே அரை மரத்தைக் காய வைத்துவிடும். பழைய பெட்ஷீட்டிலோ சாக்கிலோ சுற்றி, அடிப்பாகம் வண்டியின் முன்பக்கம் பார்க்க, நுனி பின்பக்கம் பார்க்கக் கட்டுங்கள். வீட்டு வாசலில் வைத்து நன்றாக உதறிவிட்டு உள்ளே எடுத்து வாருங்கள். சிலந்தியும் வண்டும் காய்ந்த இலையும் வெளியிலேயே விழட்டும். பூச்சி மருந்து ஸ்பிரே அடிக்க வேண்டாம். அந்த வாயு எளிதில் தீப்பிடிக்கக் கூடியது.

கடைசி வெட்டு

மரம் எவ்வளவு புதிதாக இருந்தாலும், தண்ணீரில் இறக்குவதற்குச் சற்று முன்பு அடியில் ஒரு புது வெட்டுப் போட வேண்டும். வெட்டிய சில மணி நேரத்திலேயே பிசின் கசிந்து வெட்டு முகத்தை மெழுகு பூசினாற்போல அடைத்துவிடும். தண்ணீர் ஏறும் நுண்குழாய்களுக்குள் காற்றும் புகுந்துவிடும். அந்தப் பகுதியை அறுத்துத் தள்ளினால்தான் வழி திறக்கும். முக்கால் இஞ்ச் முதல் ஒரு இஞ்ச் வரை அறுத்தால் போதும்.

கை ரம்பத்தால், தண்டுக்கு நேர்குறுக்காக அறுங்கள். அரிவாளால் சாய்வாகச் சீவுவது தோட்ட வேலையில் பழகிய கைக்கு இயல்பாக வரும். இங்கே அது உதவாது. சாய்ந்த வெட்டு தண்ணீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே ஒரு பக்கம் வெளியே வந்துவிடும், மரமும் நேராக நிற்காது. அடியில் துளை போட்டால் அதிகம் குடிக்கும் என்பதும், வெந்நீர் ஊற்றினால் பிசின் இளகும் என்பதும் பலரும் சொல்வதுதான். இரண்டாலும் பயனில்லை. அறுத்த கையோடு தண்ணீரில் இறக்குவதுதான் பலன் தரும். அன்றைக்கு மரம் நிறுத்த நேரமில்லை என்றால், வெயிலும் காற்றும் படாத மூலையில் ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். தண்ணீருக்கு வெளியே ஆறேழு மணி நேரம் கிடந்துவிட்டால் மறுபடியும் அறுக்க வேண்டும்.

பெயிண்ட் வாளியும் முக்கால் ஜல்லியும்

தண்ணீர் பிடிக்கிற இரும்பு ஸ்டாண்ட் கிடைத்தால் வாங்குங்கள். வாங்குமுன் தண்ணீர் நிற்கும் கிண்ணத்தை அளந்து பாருங்கள்: தண்டின் குறுக்களவு ஒவ்வோர் இஞ்சுக்கும் ஒரு லிட்டர் கொள்ள வேண்டும். நான்கு இஞ்ச் தண்டுக்கு நான்கு லிட்டர். அழகான ஸ்டாண்டுகள் பல, ஒன்றரை லிட்டர் பிடித்தாலே பெரிது. தண்டு உள்ளே நுழையவில்லை என்று பக்கவாட்டில் சீவிச் சிறிதாக்குவது, மேலே சொன்னபடி, மரத்தின் தொண்டையை நெரிப்பதுதான்.

ஐந்து ஆறடி வரைக்கும் உள்ள மரத்துக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளியே போதும். பலரும் அதில் மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மணலுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியாது. மேலே ஈரமாக இருக்கும், அடியில் வற்றியிருக்கும். கட்டட வேலைக்குப் பயன்படும் முக்கால் இஞ்ச் ஜல்லியைப் போடுங்கள். ஜல்லி நிரப்பிய இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம்தான், அத்தனையும் தண்ணீர் கொள்ளும். வாளி நிறையக் கொட்டினால் இருபது கிலோவுக்கு மேல் கனம் வந்து மரமும் அசையாமல் நிற்கும்.

முதலில் ஜல்லியை இரண்டு மூன்று தடவை கழுவிக் கல்தூளைப் போக்குங்கள். மரம் நிற்கப்போகும் இடத்திலேயே வாளியை வையுங்கள். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. பழைய வீட்டுப் பலகைத் தரை என்றால் வாளிக்கு அடியில் அகலமான தட்டு வேண்டும், கசிந்த தண்ணீர் பலகையை உப்ப வைக்கும். வாளியின் அடியில் மூன்று தட்டையான சிறு கற்களைப் போட்டு அவற்றின்மேல் தண்டை நிறுத்துங்கள். அப்போது வெட்டு முகம் அடியோடு ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீர் தாராளமாகச் சேரும். பக்கத்தில் ஓர் இஞ்ச் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை வாளி விளிம்புக்கு மேலே இரண்டு இஞ்ச் தெரியும்படி செங்குத்தாகச் செருகுங்கள். ஒருவர் மரத்தை நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சுற்றிலும் ஜல்லியைக் கொட்டி, குச்சியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். விளிம்புக்கு மூன்று இஞ்ச் கீழே ஜல்லி நின்றால் போதும்.

அந்தக் குழாய்தான் இந்த அமைப்பின் கண். தினமும் அதற்குள் ஓர் ஈர்க்குச்சியை அடிவரைக்கும் விட்டு எடுத்தால், குச்சியில் எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீர். நான்கு இஞ்சுக்குக் குறைந்தால் குழாய் வழியாகவே ஊற்றலாம்.

வாளி கனமாக இருந்தாலும் மரத்தின் முக்கால் உயரத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி ஜன்னல் கம்பிக்கும் எதிர்ப்பக்கச் சுவரின் ஆணிக்கும் இழுத்துக் கட்டிவிடுங்கள். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது. வாளி வாயை மெல்லிய பழைய வேட்டித் துணியால் தண்டைச் சுற்றி மூடிக் கட்டுங்கள். குன்னூர், கோத்தகிரி போன்ற சற்றே வெதுவெதுப்பான ஊர்களில் தேங்கிய தண்ணீரில் கொசு வரும். நாய் வந்து நக்காமலும் இருக்கும்.

முதல் வாரத்துத் தண்ணீர்

முதல் நாள் மரம் குடிக்கும் வேகம் புதியவர்களைப் பயமுறுத்தும். இரண்டு இஞ்ச் தண்டு ஒன்று முதல் நாளில் மூன்று நான்கு லிட்டர் இழுத்துவிடலாம். பிறகு தண்டுக் குறுக்களவில் இஞ்சுக்கு ஒரு லிட்டர் என்ற கணக்குக்கு வந்து, இரண்டாவது வாரத்தில் அதில் பாதியாகும். குளிர்ந்த அறையில் இன்னும் குறையும். இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் கோளாறை உடனே கண்டுபிடிக்கலாம்: முதல் வாரத்திலேயே இரண்டு நாள் தொடர்ந்து தண்ணீர்மட்டம் இறங்கவில்லை என்றால் வெட்டு முகம் அடைத்துவிட்டது. தண்ணீர் மிச்சமிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். விளக்குகளைக் கழற்றி, மரத்தை எடுத்து, மறுபடியும் ஓர் இஞ்ச் அறுத்து இறக்க வேண்டும். சிரமமான வேலைதான், ஜல்லியெல்லாம் வெளியே வரும். ஆனால் இதற்கு வேறு மருந்து கிடையாது.

ஒரே ஓர் இரவு தண்ணீர் வெட்டு முகத்துக்குக் கீழே இறங்கிப் போனாலும் இதே நிலைதான் வரும். திருவிழாக் கூட்டத்தில் இது மிக எளிதில் நடந்துவிடும்: 23, 24 தேதிகளில் வீடு நிறைய விருந்தினர், பலகாரச் சட்டி அடுப்பில், வாளியைப் பார்க்க யாருக்கும் நினைவில்லை. வீட்டில் ஒருவருக்கு, முடிந்தால் ஒரு பிள்ளைக்கு, காலையும் மாலையும் ஈர்க்குச்சி விட்டுப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

ஊற்ற வேண்டியது வெறும் குழாய்த் தண்ணீர். சர்க்கரை, ஆஸ்பிரின், உரம், உப்பு எதுவும் தேவையில்லை. சர்க்கரை போட்டால் தண்ணீர் கொழகொழத்து நாறும்; உரம் கலந்தால் அதைக் குடிக்கும் வீட்டு நாய்க்குக் கேடு.

எங்கே நிறுத்துவது

வீட்டிலேயே குளிர்ந்த மூலையைத் தேடுங்கள். பழைய பங்களாக்களின் கண்ணாடி வராந்தா பார்வைக்கு எடுப்பான இடம். ஆனால் பகல் வெயில் கண்ணாடி வழியாக இறங்கி அந்த இடம் கொதிக்கும். அங்கே நிற்கும் மரம் பாதி நாள்தான் தாங்கும். வாசலை அடைத்து நிறுத்தாதீர்கள். தீ என்று வந்தால் வெளியே போகும் வழி அதுதான்.

கணப்பு அடுப்பு, ரூம் ஹீட்டர், கரி மூட்டிய சட்டி எதுவாக இருந்தாலும் மரத்துக்கும் அதற்கும் மூன்றடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். கணப்பில் யூகலிப்டஸ் கட்டை எரித்தால் பொறி தெறிக்கும். முன்னால் இரும்பு வலை இல்லாமல் அந்த அறையில் மரம் வைப்பதே சரியில்லை. கூடத்தில் மரமா, கணப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதுதான் நிம்மதி. கரிச்சட்டியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி மூட்டிய சட்டியோடு தூங்கினால் மரமே இல்லாவிட்டாலும் உயிர் போகும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விருந்தினர் அறைக்குக் கரிச்சட்டி கொண்டுபோகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சீரியல் விளக்கு

எல்இடி சீரியல் செட் மட்டும் வாங்குங்கள். பழைய சூட்டு பல்புச் சரம் வீட்டில் பத்திரமாக இருந்தால், அதை இந்த வருடத்தோடு முடித்துவிடுங்கள். அதன் ஒவ்வொரு பல்பும் இலையை ஒட்டிக் கிடந்து அந்த இடத்தை மட்டும் உலர்த்திக்கொண்டே இருக்கும்.

மரத்தில் சுற்றுவதற்கு முன் சரத்தைத் தரையில் நீட்டிப் போட்டு ஒரு மணி நேரம் எரிய விடுங்கள். பிறகு பிளக்கிலிருந்து கடைசி பல்பு வரைக்கும் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது சுட்டால், வயரின் தோல் உரிந்திருந்தால், நடுவில் யாரோ முறுக்கி டேப் ஒட்டிய மூட்டு இருந்தால், குப்பைக்குப் போகட்டும். மலை வீடுகளில் சுவரே ஊறிக் கிடக்கும். டேப் போட்ட மூட்டு ஈரத்தில் பிடி விட்டுவிடும். சரத்தைத் தண்டை ஒட்டி மேலிருந்து கீழே கொண்டுவந்து, பிளக் கீழே வரும்படி சுற்றுங்கள். பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாளிக்கு எட்டாத தூரத்தில், தரையிலிருந்து உயர்த்தி, ஒரு ஸ்டூல் மேல் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது முதலில் விளக்கை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள்.

6 ஆம்பியர் பாக்ஸ் ஒன்று தாங்குவது சுமார் 1,400 வாட்தான். 2,000 வாட் ஹீட்டரையும் சீரியல் செட்டையும் ஒரே பாக்ஸில் செருகுவது டிசம்பரில் வீட்டுக்கு வீடு நடக்கிற தவறு. சீரியல் செட்டால் பாரம் இல்லை, ஹீட்டரால் பாக்ஸ் உருகும். உருகுவது மரத்தின் அடியில். ஹீட்டருக்கு சுவரிலிருக்கும் 16 ஆம்பியர் பிளக்கைத் தவிர வேறெதுவும் வேண்டாம். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உச்சியிலும் வாசலிலும் தொங்கவிடும் காகித ஸ்டாருக்குள் 40 வாட் குண்டு பல்பைப் போடாதீர்கள். ஜீரோ வாட் எல்இடி போதும்.

தூங்கப் போகும்போது அணையுங்கள். வீட்டைப் பூட்டிப் போகும்போதும் அணையுங்கள். இதில் பலரும் தவறுவது 24ஆம் தேதி இரவு: நள்ளிரவுத் திருப்பலிக்கு வீடே புறப்படும், திரும்பி வரும்போது வீடு ஜகஜோதியாக இருக்க வேண்டும் என்று எல்லா விளக்கையும் எரிய விட்டுப் போவார்கள். மூன்று மணி நேரம் ஆள் இல்லாத வீட்டில் மரத்து விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். வாசல் ஸ்டாரை வேண்டுமானால் எரிய விட்டுச் செல்லுங்கள், மரத்து விளக்கை அணைத்துவிடுங்கள்.

பஞ்சு, குடில், மெழுகுவர்த்தி

நம் வீடுகளில் மரத்தைவிடச் சீக்கிரம் பற்றுவது அதன்மேல் வைக்கும் பஞ்சு. பனி மாதிரி இருக்கட்டும் என்று மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துக் கிளை கிளையாக வைப்பது பழைய வழக்கம். ஒரு தீக்குச்சி போதும், பஞ்சின் மேல் தீ ஓடுவதைக் கண்ணால் தொடர முடியாது. பஞ்சு வேண்டாம். பனி தேவை என்றால் விடியற்காலை வாசலுக்கு வந்தால் புல் எல்லாம் வெள்ளையாகத்தானே கிடக்கிறது.

குடில் அடுத்தது. வைக்கோல் கூரை, காகித மலை, மரத்தூள், உள்ளே ஒரு பல்பு, முன்னால் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும். இத்தனையையும் மரத்துக்கு நேர் கீழே வைக்கிறோம். அடுப்பு மூட்டும் முறையும் இதுவேதான். குடிலை மரத்திலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி வையுங்கள். உள்ளே எல்இடி மட்டும். ஜெபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதானால் குடிலுக்கு முன்னால் தரையில், தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் நிறுத்தி, ஜெபம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். மின்வெட்டு வந்தால் தடுமாறாமல் இருக்க டார்ச்சை மரத்துக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வையுங்கள்.

பட்டாசு வெடிக்கும் நேரத்தில் மரம் இருக்கும் அறையின் ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். மரத்தில் சாக்லேட், மிட்டாய் தொங்கவிட்டிருந்தால் பகலிலும் மூடித்தான் இருக்க வேண்டும். குரங்கு ஒன்று உள்ளே வந்தால் மரம், வாளி, விளக்கு எல்லாம் ஒன்றாகச் சாயும்.

இவ்வளவுக்கும் பிறகு தீ பிடித்துவிட்டால்: ஒரு கிளை நுனி கருகி லேசாகப் புகைகிற நிலையில் மட்டும், மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றலாம். தழல் எழுந்துவிட்டால் அணைக்க நிற்காதீர்கள். எல்லாரையும் வெளியேற்றி, அந்த அறைக் கதவைச் சாத்தி, வெளியே நின்று 101க்கு அழையுங்கள்.

தொட்டியில் உயிரோடு ஒரு மரம்

இடமும் பொறுமையும் இருந்தால் ஆரக்கேரியாவைத் தொட்டியில் வளர்ப்பது மிகப் பொருத்தம். 1848இல் தொடங்கிய உதகை அரசு தாவரவியல் பூங்காவில் பயணிகளுக்குக் காட்டும் ‘குரங்கு ஏறா மரம்’ இதன் உறவுதான். மூன்றடிச் செடிக்கு 12 இஞ்ச் தொட்டி போதும்.

இது வெட்டிய மரத்துக்கு நேர் எதிர்: தண்ணீர் அதிகமானால் சாகும். விரலை இரண்டு இஞ்ச் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும் வரைக்கும் ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மலைக் குளிரில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை போதும். வெளிச்சம் வரும் பக்கம் சாயும் என்பதால் மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்புங்கள்.

நுனிக் குருத்தை உயிர்போலப் பாதுகாக்க வேண்டும். அது ஒடிந்தால் செடியின் அழகான கூம்பு வடிவம் திரும்பாது. கீழ்க்கிளை போனாலும் போனதுதான், அந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது. எனவே ஸ்டாரை நுனியில் குத்தாதீர்கள். செடிக்குப் பின்னால் ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் ஊன்றி, அதன் தலையில் கட்டுங்கள். பார்ப்பவர்களுக்கு நுனியில் நிற்பது போலவே தெரியும். காகிதப் பூ, சின்ன மணி போன்ற கனமில்லாதவையும் ஒரு மெல்லிய எல்இடி சரமும் போதும். வெள்ளை ஸ்பிரே, ஜிகினாத்தூள் அடித்தால் இலை மூச்சு விடாது.

பண்டிகை முடிந்ததும் நேராக முற்றத்தில் வைத்துவிடுவதுதான் இந்தச் செடிகள் ஜனவரியில் கருகுவதற்குக் காரணம். இளம் ஆரக்கேரியா உறைபனி தாங்காது. கூரை இறவாணத்துக்கு அடியில் ஒரு வாரம், பிறகு வெயிலில் என்று படிப்படியாகப் பழக்குங்கள். உறைபனி விழும் இரவுகளில் இறவாணத்தைவிட்டு வெளியே வைக்காதீர்கள். மண்ணில் இறக்க நினைத்தால் வீட்டிலிருந்து முப்பதடியாவது தள்ளுங்கள், நூறடியைத் தாண்டி வளரும் மரம் இது. சோலையோரத்திலோ புல்வெளியிலோ நடவே நடாதீர்கள். அந்நிய மரங்கள் ஏறி மலைப் புல்வெளி சுருங்கியது போதும்.

எப்போது இறக்குவது

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் மரம் நிற்க வேண்டும் என்பது பல வீடுகளின் வழக்கம். அதற்கு மரமும் சம்மதிக்க வேண்டும். டிசம்பர் 20க்குப் பிறகு தினமும் ஒரு கொத்தைக் கசக்கிப் பாருங்கள். தூளாகிறது, வளைத்தால் ஒடிகிறது, வாளியில் தண்ணீர் இறங்குவதே இல்லை என்றால் தேதியைப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே விளக்கைக் கழற்றி மரத்தை வெளியே கொண்டுபோங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே அப்படி ஆகிவிட்டாலும்கூட. ஆசையாக ஜோடித்ததை இறக்குவது மனத்துக்குக் கஷ்டம்தான், தெரியும். புதுக் கிளை நான்கு கொண்டுவந்து அரை நாளில் மறுபடி ஜோடித்துவிடலாம்.

இறக்கிய மரத்தைக் கணப்பில் போட்டு எரிக்காதீர்கள். பிசின் குபீரென்று எழும், புகைபோக்கிக்குள் கரிப்பிசினாகப் படிந்து இன்னொரு நாள் அங்கேயே பற்றும். போகி அன்று முற்றத்தில் கொளுத்துவதும் வேண்டாம். அந்தச் சமயத்தில் உறைபனியில் கருகிய புல் சுற்றிலும் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி காட்டுக்குள் போய்விடும். ஜிகினா, கம்பிக் கொக்கி, பிளாஸ்டிக் நூல் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டுக் கிளைகளைத் தறித்துக்கொள்ளுங்கள். பூங்காக்களில் நாற்றுப் பாத்திகளை உறைபனியிலிருந்து காக்க மிலார் எனப்படும் செடிக் கிளைகளைப் போட்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பாத்திக்கு இந்தச் சைப்ரஸ் கிளைகளே மிலார். மாலை ஐந்து மணிக்கு நாற்றின்மேல் தளர்வாகப் பரப்பி, காலையில் வெயில் ஏறிப் பனி உருகிய பிறகு எடுத்து ஓரமாக வையுங்கள். உறைபனி நிற்கும் வரைக்கும் அதே கிளைகள் உழைக்கும். அதற்குப் பிறகு துண்டு துண்டாக்கி ஹைட்ராஞ்சியா, அசேலியா செடிகளின் தூரில் மூடாக்காகப் போடலாம்.